அராலியின் ஒற்றை நிலைய ரேடியோ

ரேடியோவைச் சரிசெய்து முடித்ததும் அப்வூலி அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி தள்ளி நின்று கேட்பார். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் கடைக்கு அடுத்ததுதான் அம்மாவின் சப்பாத்திக் கடை. வேலை நன்றாக வந்த பெருமை என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக, அதுவும் இயற்பியல் படித்துத் திரும்பிய பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்காவின் முழுப்பெயரான ரூத் கபசிங்குசி என்று கேட்டால் ஃபோர்ட் போர்ட்டல் சந்தையில் யாருக்கும் தெரியாது. நாங்கள் ஒருவரையொருவர் செல்லப்பெயர் கேட்டு, அதைச் சொல்லித்தான் வணங்குவோம். அவர் அப்வூலி, நான் அமூதி. தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை போடுவார். தீர்ந்த பேட்டரியை வெயிலில் காயவைத்துக் கொண்டுவருபவர்களிடம், உப்பும் தடவியிருந்தால் வறுத்தாவது தின்னலாமே என்பார்.

கெப்பாசிட்டரில் தேங்கும் ஆற்றல் காயிலுக்குள் காந்தமாகப் போய், மறுபடி கெப்பாசிட்டருக்கே திரும்பும் கணக்கைத் தேர்வில் மூன்று பக்கம் எழுதியவள் நான். அவருக்கு அது தெரியுமா என்று ஒருநாள் சீண்டினேன்.

"நீ என் பேரக் கேக்குற, நான் உன் பேரக் கேக்குறேன். வாங்கினவ திருப்பிக் கேக்காம நின்னா அது வணக்கமாடி? அதுங்களும் அப்படித்தான், மாத்தி மாத்திக் குடுத்துக்கும். அந்த வேகத்துக்கு ஒத்துவர்ற ஸ்டேஷன் மட்டும் கேக்கும்."

அந்த மூன்று பக்கங்களில் எனக்கு என்ன புரிந்திருந்தது என்று இன்றும் சந்தேகம்.

தேயிலைத் தோட்டத்து அராலியின் தங்கை கதுசாபே அப்போது கம்பாலா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அராலி இருந்த குன்றில் போன் கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் நகர வானொலியின் மதியம் ஒரு மணி அறிவிப்பில் சொல்வதாக ஏற்பாடு. பிள்ளைகள் திருகாமலிருக்க, அந்த ஒரு நிலையத்தில் வைத்து, நிலையம் மாற்றும் திருகைப் பசைபோட்டு ஒட்டி வைத்திருந்தார். சைக்கிளிலிருந்து விழுந்ததில் நிலையம் விலகிவிட்டது. ஒரு நாள் காலை அதைக் கொண்டுவந்தபோது அக்கா கடையில் இல்லை. நானே வாங்கினேன். காயிலின் நடுத்தண்டை இரும்புத் திருப்புளியால் மெல்லத் திருப்பினேன். அறிவிப்பாளர் குரல் பளிச்சென்று வந்தது. பேட்டரி வீணாகுமே என்று, இங்கே எல்லோரும் செய்வதுபோல, உடனே அணைத்தேன். பிறகுதான் திருப்புளியை எடுத்து, மெழுகு ஊற்றி மூடிக் கொடுத்தேன்.

அக்கா வந்ததும் திருப்புளி நுனியில் ஒட்டியிருந்த பழைய மெழுகைப் பார்த்தார்.

"இதாலயா திருப்பின? வெளிய எடுத்தப்புறம் கேட்டியா?"

கேட்கவில்லை. காயிலுக்குள் இரும்பு இருக்கும்வரை ஒரு வேகம், எடுத்தால் வேறு வேகம். பக்கத்தில் கை இருந்தாலே கொஞ்சம் மாறும். அதனால்தான் அவரிடம் மூங்கிலில் சீவிய திருப்புளி இருந்தது, அதனால்தான் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. சூத்திரம் எனக்கு மனப்பாடம்.

மணி பன்னிரண்டரை. தன் வீட்டு ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா வாடகை பைக்கில் ஏறினார். பின்னால் நானும் தொற்றிக்கொண்டேன். நாங்கள் போனபோது அராலி வெறும் இரைச்சலுக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நிலையத்தில் மின்சாரம் இல்லை போல என்றார்.

அக்காவின் ரேடியோவில் மூன்றாவது அறிவிப்பு கதுசாபேயுடையது. மறுநாள் நாலு மணிக்கு அடக்கம்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை அழுத்தினார்.

"உன் ரேடியோல தப்பு என் கையோடது, அராலி. இத நீ வெச்சுக்க."

அராலி அன்று மாலையே கிளம்பிப் போய், மறுநாள் தங்கைக்கு மண் போட்டார்.

திரும்பும் வழியில், அராலியின் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "இன்னைக்கு அவன் அழணும்டி. உன்ன மன்னிச்சிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது. துக்கம் முடியட்டும், அவன் ரேடியோவ நீயே கொண்டுபோய்க் குடுத்து உள்ளதச் சொல்லிரு."

பத்து நிமிடத்தில் அதைச் சரிசெய்து என்னிடம் தந்தார். எனக்கு வெளியூர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு விடுமுறையிலும் தள்ளிப்போட்டேன். சென்ற மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார்.

அடக்கத்தில் அராலி எழுந்து பேசினார். "வாழ்க்கையில ஒரே ஒரு தப்பு பண்ணிருக்காங்க, அதுவும் என் ரேடியோலதான். அதுக்கும் அவங்களே ஓடி வந்தாங்க." எல்லோரும் அன்போடு தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அவருடைய ரேடியோ இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.