ஈச்சிலம்பற்றுக்குப் போன ஸ்பிரிங் மேசை

வெள்ளிக்கிழமை, காலை 8.20. வவுனியாவில் விடிய முன்னம் ஏறிய பஸ் என்னைத் திருகோணமலையில் இறக்கிவிட்டது. நான் முப்பது வருடம் நில அளவை அலுவலகத்தில் படம் கீறியவன். எங்கே போனாலும் நேரத்தையும் தூரத்தையும் கொப்பியில் எழுதாவிட்டால் எனக்குப் போன மாதிரியே இருக்காது. அன்றைக்கு எழுதிய முதல் வரி: "திருமலை - ஈச்சிலம்பற்று, ஏறக்குறைய 65 கி.மீ., பகல் ஒரு மணிக்குச் சேரலாம்." மேலே இருக்கும் 'வெள்ளிக்கிழமை' அந்தக் கொப்பியில் இல்லை. அது பிறகு சேர்த்தது.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈச்சிலம்பற்றில் என் தங்கச்சி யோகம், நான்கு பெண்களோடு நண்டும் மீனும் பெட்டியில் அடைத்து அனுப்பும் கொட்டில் ஒன்று நடத்துகிறாள். போன வருடம் முள்ளந்தண்டில் ஒப்பரேசன். இனிக் குனிந்து பாரம் தூக்கினால் காலே எழும்பாமல் போகலாம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். குனியாமல் மீன் கொட்டிலில் என்ன வேலை செய்வது? கொட்டிலை மூடுவதா விடுவதா என்று அவள் மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் திருமலை உள்துறைமுகக் கரையில் உள்ள மீன் கம்பனி ஒன்று புது இயந்திரங்கள் வாங்கி, பழைய ஸ்பிரிங் மேசையைச் சும்மா தருவதாகச் சொன்னது. ஏற்றிக்கொண்டு போவது எங்கள் பாடு.

8.50. கம்பனி வாசலிலேயே மேசை நின்றது. கீழே ஒரு இரும்புத் தட்டு, மேலே ஒரு இரும்புத் தட்டு, நடுவில் எட்டுச் சுருள்வில்கள், ஒவ்வொன்றும் கள்ளமில்லாமல் என் மணிக்கட்டுத் தடிப்பு. வெறுமையாக இருக்கும்போது மேல்தட்டு இடுப்பளவில் நிற்கும். பெட்டிகளை அடுக்க அடுக்கத் தட்டு கீழே இறங்கும். எடுக்க எடுக்க மேலே வரும். எத்தனை பெட்டி இருந்தாலும் மேல்பெட்டி எப்போதும் இடுப்பளவில்தான். கரண்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். யோகத்துக்கென்றே யாரோ யோசித்துச் செய்த மாதிரி இருந்தது.

பொதி கட்டும் பகுதிக்குப் பொறுப்பானவர் செல்வராணி என்ற பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைத் தலைப்பை இடது கையின் மேல் போட்டபடியே நின்று பேசினார்.

"இதை நிண்ட நிலையில கொண்டுபோக ஏலாது ஐயா. லொறியில துள்ளிக் கவுண்டிடும். முதல்ல பாரம் வச்சு அமத்தவேணும். அமந்தாப் பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் பூட்டுக் கம்பி குடுக்கவேணும். பிறகு பட்டி போட்டு இறுக்கவேணும். அதுக்குப் பிறகுதான் பாரத்தை எடுக்கிறது."

"இறக்கேக்க?"

"திரும்பப் பாரத்தை வச்சுப்போட்டுத்தான் கம்பியை உருவுறது. வெறும் மேசையில உருவினா அது ஆர் எவர் எண்டு பாக்காது."

லொறி கிண்ணியாவைச் சேர்ந்த றமீஸுடையது. அவரே சாரதி. வாடகை பதினாறாயிரம் ரூபா. ஆறு பேர் பலகை வைத்து மேசையைத் தள்ளி லொறியில் ஏற்றினார்கள். அமத்துவதற்குப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் இருந்து ஐம்பது கிலோ ஐஸ் கட்டிகள் பன்னிரண்டு வந்தன. ஒவ்வொரு கட்டி ஏறும்போதும் தட்டு கொஞ்சம் முனகிக்கொண்டு இறங்கியது. பன்னிரண்டாவதோடு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. முன்பக்கப் பூட்டுக் கம்பியை மாட்டினோம். பின்பக்கக் கம்பியைக் காணவில்லை.

அரை மணித்தியாலம் தேடினோம். மேசை மூலையில் கிடந்த காலத்தில் யாரோ வேறு தேவைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

"வெல்டிங் கடையில ஒண்டு வெட்டி எடுக்கலாம்," என்றார் செல்வராணி. "கடைக்காரர் காலமையே நிலாவெளிக்கு வேலைக்குப் போயிட்டார். ஜும்மா முடிஞ்சு ரெண்டு மணிக்குத்தான் திறப்பார்."

ரெண்டு மணி! மூன்று மணிக்கு யோகத்தின் கொட்டிலுக்கு நண்டு வந்துவிடும். எனக்குப் பொறுமை என்பது சின்ன வயதிலிருந்தே மட்டு. அப்போது எனக்கொரு யோசனை வந்தது. வந்ததும் அதைப் பற்றிப் பெருமையும் வந்தது. ஐஸை இறக்காமலே விட்டால் என்ன? பின்பக்கத்தை நைலோன் கயிற்றால் கட்டிவிடலாம், மேலே ஐஸ் பாரமாக இருக்கும். போய்ச் சேர்ந்ததும் அதே ஐஸ் நண்டுக்கு உதவும். ஈச்சிலம்பற்றில் ஐஸுக்கு எப்போதும் தட்டுப்பாடு.

"ஐஸ் பாரமில்லை ஐயா," என்றார் செல்வராணி. "அது உருகிப் போற சாமான்."

"ரெண்டரை மணித்தியால ஓட்டத்தில எவ்வளவு உருகப்போகுது? உமி போட்டு மூடிக்கொண்டு போவம்."

"ரெண்டு மணி மட்டும் பொறுங்கோவன்."

"இப்பிடிப் பயந்துகொண்டிருந்தா ஒரு வேலையும் நடவாது பிள்ளை," என்றேன்.

அவர் சேலைத் தலைப்பை விலக்கினார். இடது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியோடு நின்றன. "இந்த மேசைதான்," என்றார். தலைப்பை மறுபடி மூடிக்கொண்டு, "இறக்கி முடிஞ்சோண்ணை எல்லாற்ற கையையும் எண்ணிப்போட்டு எனக்கு ஒரு போன் எடுங்கோ," என்றார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டேன் என்பதற்காக அவசரம் குறையவில்லை. வெட்கத்தோடேயே லொறியில் ஏறிக்கொண்டேன்.

10.25. ஐஸும் கொண்டுவருகிறேன் என்று யோகத்துக்குப் போனில் சொன்னேன். புறப்பட்டோம். வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறித் துறைமுகத் தண்ணீர் தெரிந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடித்தது. சீனக்குடா தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது லொறியின் தூரமானி ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீற்றர் காட்டியது. பாலத்தின் கீழே நீல நிறத்தில் வள்ளங்கள் நங்கூரமிட்டு நின்றன.

"முன்னால இதில பாதை ஓடின காலம் அண்ணன். பாதை அந்தக் கரையில நிண்டா இந்தக் கரையில நாங்க குந்திக்கிட்டு இருக்கணும்," என்றார் றமீஸ். பாதை என்று அவர் சொன்னது வாகனம் ஏற்றும் மிதவையை. "பாலம் வந்த பொறகு ஒருத்தருக்கும் பொறுமை இல்ல."

என்னைக் குத்திச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். அவர் சாதாரணமாகத்தான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

11.25. உப்பாற்றுப் பாலம் தாண்டி நிறுத்தினோம். பின்கயிறு நனைந்து இளகியிருந்தது. றமீஸ் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். "நனைஞ்ச நைலோன் இழுபடும் அண்ணன்," என்றார். இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தானே என்றேன்.

12.05. மூதூர். றமீஸ் லொறியை ஓரம் கட்டி, கண்ணாடியடியில் இருந்த தொப்பியை எடுத்தார்.

"ஜும்மா அண்ணன். முடிஞ்ச ஒடன ஓடி வந்திருவன்."

திருமலையில் ஒருவருடைய ஜும்மாத் தொழுகை முடியும்வரை காத்திருக்க மாட்டேன் என்று வெளிக்கிட்டவன், ஜும்மாவுக்குப் போகவேண்டிய இன்னொருவரை வாடகைக்குப் பிடித்து, அதே நேரத்தில் அவரோடு வீதியில் நிற்கிறேன். நேரமும் தூரமும் எழுதுகிறவன் கிழமையை எழுத மறந்துவிட்டேன். றமீஸில் ஒரு பிழையும் இல்லை. அவர் வெள்ளிக்கிழமைகளில் எங்கே இருப்பார் என்பது இந்தக் கரையில் எவருக்கும் தெரிந்த விடயம்.

கடைகள் எல்லாம் பூட்டி இருந்தன. ஒரு பிளேன்டீக்கும் வழியில்லை. லொறி நின்ற இடத்தில் நிழலும் இல்லை. நான் எதிரே மதகில் குந்தியிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் என்னும் பிரசங்கம் கேட்டது. லொறிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக ஓடி வந்து மதகில் இறங்கியது. யோகத்தின் ஐஸ் போகிறதே என்று மட்டும்தான் நினைத்தேன். போவது பாரம் என்று எனக்குப் படவேயில்லை.

12.50. "டொக்" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ச் சில்லில் கால் வைத்து ஏறிப் பார்த்தேன். உருகிய தண்ணீரில் ஐஸ் கட்டிகள் வழுக்கி ஒரு பக்கம் சரிந்திருந்தன. ஒன்று தட்டைவிட்டே விழுந்துவிட்டது. மேசையின் பின்பக்கம் அரை அடி எழும்பியிருந்தது. கயிறு இழுபட்டு விரல் அளவு மெலிந்திருந்தது. முன்பக்கக் கம்பி வளையத் தொடங்கியிருந்தது. சரிந்த கட்டியைத் திரும்பத் தள்ளிவிடலாம் என்று தட்டுக்கு மேலே குனிந்து கையை நீட்டினேன்.

நீட்டியது இடது கை. அதைப் பார்த்ததும் செல்வராணியின் கை ஞாபகம் வந்தது. சட்டென்று பின்வாங்கிக் கீழே குதித்தேன். குதித்த கையோடு கயிறு அறுந்தது. தட்டின் பின்பக்கம் எகிறி, ஒரு பெரிய ஐஸ் துண்டைத் தூக்கிக் கபினின் பின்புறத்தில் அடித்துச் சிதறடித்தது. அந்தத் துண்டு போன வழியில்தான் ஒரு கணம் முன்பு என் முகம் இருந்தது. வீதியிலேயே இருந்துவிட்டேன்.

தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். றமீஸ் கண்டதும் ஓடிவந்து பின்கதவில் ஏறப் போனார். நான் அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்தேன். மரியாதையெல்லாம் பார்க்க நேரமில்லை. முன்கம்பி இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. செல்வராணிக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். 'நான் சொன்னன்தானே' என்று அவர் கேட்கவில்லை.

"சத்தமாப் போடுங்கோ, எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றார். ஒலியைக் கூட்டிப் பிடித்தேன். "ஒருத்தரும் மேல ஏறக் கூடாது. வளைஞ்ச கம்பியில கை வைக்கக் கூடாது. மேசைக்கு மேல தலை நீட்டக் கூடாது. பக்கத்தால பலகை வச்சு, மூட்டையைத் தள்ளி ஏத்துங்கோ. எழும்பின பக்கம் முதல். காய்ஞ்ச பாரமா இருக்கவேணும்."

லொறி நின்றதே ஒரு நெல் களஞ்சியத்தின் முன்னால். அதன் முதலாளி தொழுகையிலிருந்து வந்தவர், யாரும் கேட்க முன்னமே கதவைத் திறந்தார். வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரமுமாக நின்றவர்கள் அப்படியே நெல் மூட்டைகளுக்குத் தோள் கொடுத்தார்கள். எஞ்சிய ஐஸை நீளத் தடியால் தள்ளிவிட்டு, பலகை வழியாக மூட்டைகளைத் தட்டில் ஏற்றினோம். பத்தாவது மூட்டையில் மேசை மறுபடி அடிமட்டத்துக்கு இறங்கியது. போனுக்குள்ளிருந்து செல்வராணி ஒவ்வொரு மூட்டைக்கும், "சரிவு இருக்கோ? ஒரே மட்டமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கூட்டத்தில் மூதூரின் வெல்டிங் கடைக்காரரும் நின்றார். கடையைத் திறந்து, என்னுடைய அளவு நாடாவால் அளந்து, தடித்த இரும்புக் கம்பிகள் இரண்டு வெட்டித் தந்தார். வளைந்த கம்பியைப் பக்கத்திலிருந்து தட்டிக் கழற்றி, புதியவை இரண்டையும் மாட்டி, பட்டிகளை இறுக்கினோம். அதற்குப் பிறகுதான் நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். மேசை அசையவில்லை. கொப்பியில் நேரத்தைக் குறித்தேன்: 2.00. செல்வராணி பொறுக்கச் சொன்ன நேரம் அதுதான்.

களஞ்சிய முதலாளிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் நின்றேன். "எங்கட நெல்லு எங்கட்டயே வந்திட்டுத்தானே. நீங்க பாத்துப் போங்க," என்றார். அவருடைய வெள்ளைச் சேட்டின் தோள் முழுக்கத் தும்பும் தூசியும்.

2.15. மறுபடி புறப்பட்டோம். தோப்பூர், சேருநுவர. வீதியோரம் நெடுக நெல் காயப் போட்டிருந்தார்கள். றமீஸ் அதில் சில்லுப் படாமல் விலக்கி விலக்கி ஓட்டினார்.

3.40. ஈச்சிலம்பற்று. யோகம் இடுப்புப் பட்டியோடு படலையில் நின்றாள். நண்டு வந்துவிட்டது.

"ஐஸ் கொண்டாறன் எண்டீங்கள், எங்கண்ணா?"

"மூதூர் ரோட்டில," என்றேன். பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு முதுகுதான் போனது. உங்களுக்கு முகம் போயிருந்தா, நான் இந்த மேசையில என்னத்தை வச்சு அடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேசையைப் பலகை வழியே இறக்கிக் கொட்டிலில் வைத்தோம். அந்த நான்கு பெண்களும் உப்பு மூட்டைகளைக் கொண்டுவந்து தட்டு நிறைய அடுக்கினார்கள். பாரம் முழுதாக ஏறிய பிறகு, பக்கத்தில் நின்று கம்பிகளை உருவினோம். வெண்ணெயில் கத்தி போவதுபோல் வந்தன. மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க, தட்டு மெல்ல மெல்ல எழும்பியது. பிறகு நண்டுப் பெட்டிகளை ஏற்றினோம். யோகம் நேரே நின்று மேல்பெட்டியை எடுத்தாள். குனியவில்லை. எடுத்ததை அடுத்த மேசையில் வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

5.20. திரும்பும் வழியில் சேருநுவரச் சந்தியில் லொறியை நிறுத்தச் சொல்லிச் செல்வராணிக்குப் போன் எடுத்தேன்.

"எண்ணிப்போட்டன்," என்றேன். "றமீஸுக்கு ரெண்டு. தங்கச்சிக்கு ரெண்டு. கொட்டில் பிள்ளையள் நாலு பேருக்கும் எட்டு."

"உங்கட?"

மற்றவர்களை எண்ணியவன் என்னுடையதை எண்ணவில்லை. மடியில் இருந்த கைகளைப் பார்த்தேன்.

"ரெண்டும் இருக்கு."

"விரல்?"

"பத்தும் இருக்கு."

"நல்லது ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.