மாமியாரை நிறுத்திய கிருமி

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. பினாங்கில், ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஸ்டைலாகக் குதிப்பதில் எனக்கு நிகர் நானேதான். ஒரு மழை நாளில் ஸ்டைல் இறங்கியது, நான் விழுந்தேன். கணுக்கால் முறிந்து, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து இரும்புத் தகடு வைத்தார்கள்.

சில நாளிலேயே புண்ணில் சீழ். ஊசிமேல் ஊசி போட்டும் அடங்கவில்லை. சீழைச் சோதித்த முடிவு வந்ததும், மிஸ்ஸி என் கட்டிலை வார்டின் கோடிக்குத் தள்ளினார். நர்ஸ்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அண்ணே, ஒங்க கால்ல இருக்கறது ஆஸ்பத்திரிக் கிருமி. வழக்கமான மருந்துக்கெல்லாம் சாகாது. அந்த வித்தை அதோட ஜீன்லயே இருக்கு, பொறக்கிற குட்டிக்கும் வந்துரும்."

ஆறாம் வகுப்பைத் தாண்டாத என் உடம்பில் இவ்வளவு கெட்டிக்காரக் கிருமியா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது பறந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில், தொடையில் ஆபரேஷன் முடிந்த ஒரு ஃபேக்டரித் தம்பி படுத்திருந்தான்.

"இது கையில ஒட்டிக்கிட்டே போகும். அந்தத் தம்பிக்குப் போச்சுன்னா அவன் காலே போயிடலாம். ஒங்களத் தொட்டவங்க சோப்புப் போட்டுக் கை கழுவாம நகரக்கூடாது லா."

அன்று மாலை மாமியார் கோயில் திருநீற்றோடு வந்தார். என் நெற்றியில் பூசினார். போதாதென்று, சீழ் ஊறியிருந்த கால்கட்டின் மேலும் அழுத்தித் தடவினார். ஒருவரைப் பார்க்க வந்தால் அந்த வரிசையையே நலம் விசாரிப்பதுதானே நம் வழக்கம்? நான் வாயைத் திறப்பதற்குள் தம்பியிடம் போய்விட்டார். "ஒனக்கும் பூசுறேன்யா" என்று அவன் தொடைப் போர்வையை விலக்கினார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் "சரிங்க அத்தை" தவிர நான் எதுவும் பேசியதில்லை. அன்று பஸ்ஸை நிறுத்துகிற குரலில் கத்தினேன்: "ஸ்டாப்!"

வார்டே நின்றது. எதிர்க்கட்டில்காரர் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, திருநீறு தொட்ட கையில அழுக்கா?"

"ஒங்க கையில இல்லங்க அத்தை. என் கால்ல. அங்க இருக்கற கிருமி ஒங்க கையில ஒட்டிக்கிட்டுத் தம்பிக்குப் போச்சுன்னா அவனுக்குக் கால் போயிடும். கழுவிட்டு வாங்க."

மகளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் என்னையும் பார்த்தார், அந்தத் தம்பியையும் பார்த்தார். நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டார். கழுவியதும் திரும்பி வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துக் குழாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து என்னைத் தொட்ட ஒருவரும் அவரைத் தாண்ட முடியவில்லை. பெரிய டாக்டரிடமே "சுச்சி தாங்கான், டாக்டர்!" என்று மலாயில் கை கழுவச் சொன்னார். டாக்டரும் சிரித்துக்கொண்டே ஈரக் கைகளைத் தூக்கிக் காட்டினார். அவர் என் மாமியார் என்று நான் வார்டெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

கடைசிக்கென்று டாக்டர்கள் வைத்திருந்த ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றியதில் என் கால் பிழைத்தது. நடையில் மட்டும் இன்று வரை கொஞ்சம் கோணல். தம்பிக்குச் சீழே வைக்கவில்லை. தையல் பிரித்து, கம்பூன்றி நடந்தே வீட்டுக்குப் போனான். அவன் அம்மா என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கத்திய என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பரவாயில்லை. யாருக்கும் பெரிதாக எதையும் கொடுத்தவன் இல்லை நான். ஆனால் அந்தக் கிருமியை ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்பதை நினைத்தால், இந்தக் கோணல் நடையிலும் நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடுகிறது.