அமலி ஓடிப்போகவில்லை

அமலி ஓடிப்போனாள் என்று இனி என் காதுபட யாரும் சொல்ல வேண்டாம். ஓடிப்போகிறவள் காலை பத்து மணிக்கு, தெருவே நின்று பார்க்க, வாசல் வழியாகவா போவாள்? போகிற இடத்து விலாசத்தை அடுத்த வீட்டுக்காரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டா போவாள்? இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. போன வாரம் குழாயடியில், இந்தச் சந்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒருத்தி என்னிடமே அந்தக் கதையைச் சொல்கிறாள். இந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாளாம், கொரியாவுக்குப் படிக்கப் போய்க் கெட்டுத் திரும்பினாளாம், கொல்லையில் எதையோ புதைத்தாளாம், குட்டு வெளிப்பட்டதும் ஓடிவிட்டாளாம். நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பானையைத் தோண்டினப்ப நீ எங்கடி இருந்தே?" என்று கேட்டேன்.

எனக்கு எழுதத் தெரியாது, சொல்லத் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அமலி என் மகன் ஞானமுத்துவின் ஒரே பிள்ளை. மருமகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது இவளுக்கு நாலு வயது. அவளை வளர்த்தது நான்தான், ஆனால் நான் சொன்னபடி வளர்ந்தாள் என்று சொல்ல மாட்டேன். ஒரு காரியத்தில் இறங்கினால் அது முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள். ஏழு வயதில் ஒரு நாள் காணோம் என்று க்யிம்யிண்டைங் படகுத்துறை வரை தேடிவிட்டு வந்தோம். பக்கத்து வீட்டு டோ சீன் மொஹிங்கா விற்கிற கடையில், அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மீன் குழம்பு எப்படிக் கெட்டியாகிறது என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். "இவள் சாப்பிடக்கூட இல்லை, கேள்விதான் கேட்டாள்" என்று டோ சீன் பர்மா பாஷையில் சொல்லிச் சிரித்தாள்.

அவள் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, அறுபத்தொன்றில், கன்னியாஸ்திரீகள் ஒரு சேதி கொண்டு வந்தார்கள். சியோல் பட்டணத்தில் அவர்கள் சபையின் பெண்கள் காலேஜ் ஒன்று இருக்கிறது. கோடைக்காலத்தில் எட்டு வாரம், பல தேசத்து மாணவிகளைக் கூட்டி வைத்து அந்த ஊர்ப் பாஷையும் சரித்திரமும் வாழ்க்கை முறையும் சொல்லித் தருகிறார்கள், போக்குவரத்துச் செலவும் அவர்களுடையது. ஞானமுத்து தயங்கினான். "சண்டை நடந்த ஊராச்சே ஆத்தா" என்றான். "சண்டை இங்க பர்மாவுலயுந்தான் நடந்துச்சு, நாம இல்லையா?" என்றேன். அவ்வளவுதான். ஜூன் மாதம் அனுப்பி வைத்தோம்.

வாரம் ஒரு கடிதம் வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஞானமுத்து வாசிப்பான், நான் இரண்டு முறை கேட்பேன். சண்டையில் இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றனவாம். காலேஜ் மலைமேல் இருக்கிறதாம். காலையில் பாடம், சாயங்காலத்தில் நெசவு, சமையல், பாட்டு. சனி ஞாயிறுக்கு ஒவ்வொரு மாணவியையும் ஒவ்வொரு வீட்டுக்கு அனுப்புவார்கள். இவளுக்குக் கிடைத்தது ஓக்சுன் என்ற பெண்ணின் வீடு. ஓக்சுனுடைய அப்பா சண்டையிலிருந்து திரும்பவில்லை. அம்மா துணி தைத்துப் பிழைக்கிறவள். சாயங்காலமானால் தாயும் மகளும் ஒரு கல்லின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, துவைத்து மடித்த துணியைக் கட்டைகளால் மாறி மாறி அடிப்பார்களாம். இஸ்திரி போட்டதுபோலத் துணி பளபளக்குமாம். மூன்றாம் வாரம் அமலி கையிலும் கட்டையைக் கொடுத்துவிட்டார்கள். முதல் அடியே ஓக்சுன் விரலில் விழுந்ததாம்.

கொளுத்துகிற வெயிலில் கொதிக்கக் கொதிக்கக் கோழி ரசம் குடிப்பார்கள் என்று எழுதியிருந்தாள். மூத்தவர்கள் கரண்டியை எடுத்த பிறகுதான் இளையவர்கள் எடுப்பார்களாம். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும், அவர்களிடம் எதை வாங்கினாலும் இரண்டு கையால்தானாம். பிறகு, கொல்லைப் பானை. ஓக்சுன் வீட்டுக் கொல்லையில் கழுத்துவரை புதைத்த ஒரு பெரிய பானை, கோடையில் காலியாக, மூடி போட்டுக் கிடந்தது. குளிர்காலத்துக்கு முன்னால் தெருவே கூடி உட்கார்ந்து கோஸ் கீரையில் மிளகாயும் பூண்டும் தடவி அதில் அடைப்பார்கள், ஒரு மாதம் கழித்து எடுப்பார்கள் என்று அந்த அம்மாள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். வாசித்து ஞானமுத்துவின் தொண்டை காய்ந்துவிட்டது.

கடைசிக் கடிதம் வேறு மாதிரி. அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பெயர் கேட்டால்கூடச் சொல்லாத ஒரு சிறுமி, இவளுடைய பின்னலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணிநேரம் விடவில்லையாம். "அப்பாயி, நான் திரும்பவும் இங்கே வர வேண்டும்" என்று எழுதியிருந்தாள்.

ஆகஸ்டு முடிவில் வந்தாள். எனக்குக் காப்பி தருவதுகூட இரண்டு கையால். இந்தப் பக்கத்து வீட்டு நீலாம்பாளுக்கு அதுவே முதல் தீனி. துறைமுகத்தில் வேலைபார்த்து இறந்துபோனவரின் மனைவி. நல்ல மனசு, வாய்க்குத்தான் கதவில்லை.

"என்னக்கா, உங்க பேத்தி பிச்சை வாங்குற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுது? நாடு விட்டு நாடு போய் இதைத்தான் படிச்சிச்சா?"

"உனக்கு ஒத்தக் கையால வாங்கிப் பழக்கம். அவளுக்கு ரெண்டு. விடேன்" என்றேன்.

அக்டோபரில் சியோல் காலேஜிலிருந்து கடிதம் வந்தது. அந்த அனாதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர இரண்டு வருடப் பயிற்சி, மார்ச்சில் தொடங்குகிறது, இடம் இருக்கிறது. மற்ற பத்திரங்களோடு பங்குச்சாமியாரின் நற்சாட்சிக் கடிதமும் வேண்டும். நவம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமை தபாலில் எல்லாம் போய்விட வேண்டும். அமலி அந்தக் காகிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

இந்த நேரத்தில்தான் பானை. நவம்பர் தொடக்கத்தில் ஷான் மலையிலிருந்து நீளமான வெள்ளைக் கோஸ் சந்தைக்கு வந்தது. எட்டுக் கோஸ் வாங்கினாள், உப்பில் ஊற வைத்தாள். கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், எங்கள் சந்தில் குழாய் வருவது விடியற்காலை நாலு மணிக்கு. கழுவி, மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவினாள். அந்த ஊரில் உப்பிட்ட குட்டி இறால் போடுவார்களாம், இவள் அதற்குப் பதில் இங்கே கிடைக்கிற நாப்பி என்ற மீன் விழுதைக் கரைத்து ஊற்றினாள். பானை வாயைத் துணியால் கட்டி, விடியும் நேரத்தில் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தாள். அப்போது நீலாம்பாள் பல் விளக்க வெளியே வந்தாள்.

"என்ன பாப்பா புதைக்கிறே?"

"ஊறுகாய் அத்தே."

நம்மவர்களில் ஊறுகாயை மண்ணில் புதைத்தவர் யார்? எலுமிச்சையோ மாங்காயோ, ஜாடியில் போட்டுத் தகரக் கூரைமேல் வெயிலில் வைப்போம். ஈரம் பட்டால் கெட்டது. ஊறுகாய் என்று சொல்லி ஈர மண்ணில் புதைக்கிறாள் என்றால் அது ஊறுகாய் இல்லை என்று நீலாம்பாள் முடிவு கட்டினாள். விடியாத நேரம், வெளிதேசம் போய்வந்த பெண், துணி கட்டிய பானை. மிச்சத்தை அவளே கோத்துக்கொண்டாள். நாலாம் நாள் கல் தானாக அசைந்ததாம், மண்ணுக்குள் குபுகுபு என்று சத்தம் கேட்டதாம். அது உண்மைதான், நானும் கேட்டேன், புளித்துப் பொங்குகிற சத்தம். ஆனால் சந்து முழுவதும், பிள்ளையைப் பெற்றுப் புதைத்துவிட்டாள் என்று கதை போயிற்று. மாதா கோயில் வரைக்கும் போயிற்று.

ஞானமுத்து சாமியாரிடம் கடிதம் கேட்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான்.

"பங்குல இப்படி ஒரு பேச்சு இருக்கறப்ப எப்படிக் கையெழுத்துப் போடறதுன்னு கேக்குறாரு ஆத்தா. பேச்சு அடங்கட்டுங்கிறாரு."

"செவ்வாய்க்கிழமைக்குள்ள அடங்குமா?"

இடம் போனால் போகட்டும், கல்யாணம் பார்க்கலாம் என்று அவன் நினைப்பது முகத்தில் தெரிந்தது. நான் அமலியிடம் போனேன். பானையைத் தோண்டி எல்லோருக்கும் காட்டிவிடு, ஒரு நிமிட வேலை என்றேன்.

"இன்னும் பதினோரு நாள் இருக்கு அப்பாயி. ஒரு மாசம் ஆகாம தெறந்தா ருசி வராது. ஒரு மாசம் வச்சு, எப்படி வந்துச்சுன்னு எழுதறேன்னு ஓக்சுன் அம்மாவுக்குச் சொல்லிட்டேன்."

"உனக்கு ருசி முக்கியமா, பேரு முக்கியமா?"

"நான் சொன்னதை நம்பலையே. காட்டறதை மட்டும் நம்புவாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகச் சாமியாரிடம் போய் நின்றேன். "தோத்திரம் சாமி. எங்க கொல்லைக்கு ஒரு நடை வாங்க. கண்ணால பாத்துட்டு அப்புறம் போடுங்க, இல்ல போடாம இருங்க" என்றேன். அவர் வந்தார். அவர் பின்னால் பாதிக் கோயில் வந்தது. நீலாம்பாள் கோயிலுக்கு வராதவள், வேலியோரம் தயாராக நின்றாள்.

அமலி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் மண்வெட்டியை எடுத்துக் கொத்தத் தொடங்கினேன். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. மூன்றாவது கொத்தில் மூச்சு வாங்கியது, விடவில்லை. ஐந்தாவதில் அவள் வந்து என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். இரண்டு கையால்தான் வாங்கினாள்.

"உக்காருங்க அப்பாயி. நானே தோண்டறேன்."

பக்கத்து மண்ணை எடுத்துவிட்டுப் பானைத் துணியை அவிழ்த்தாள். முதலில் வெளியே வந்தது வாடைதான். பூண்டும் நாப்பியும் புளித்து எழுந்த வாடை. சாமியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். நீலாம்பாள் இரண்டடி பின்னால் போய், மூன்றடி முன்னால் வந்தாள். உள்ளே சிவப்பு நுரை. அமலி கையைவிட்டு ஒரு கோஸை முழுதாக எடுத்து உயர்த்திப் பிடித்தாள். அது கோஸ், வேறொன்றும் இல்லை.

அந்தப் பக்கத்து வேலியிலிருந்து டோ சீன் ஒரு கிண்ணத்தில் பழைய சோற்றோடு வந்து சேர்ந்தாள். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். அவள் பர்மா பாஷையில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன், தமீ என்றால் மகளே.

"தமீ, இது எங்கள் மொன்யின்ஜின் மாதிரிதானே? கீரையைப் புளிக்க வைத்து மூன்றாம் நாள் எடுத்துவிடுவோமே. இதைப் போய் இத்தனை நாள் வைத்தாயா? காடியாகிவிட்டது."

"அங்கே ஒரு மாதம் வைப்பார்கள்" என்றாள் அமலி.

"அங்கே பனி. இங்கே மண்ணே சுடுகிறது."

அமலியின் முகம் வாடியதை அப்போதுதான் பார்த்தேன். இத்தனை நாள் ஊர் பேசியதற்கு வாடாத முகம். கோஸை மறுபடி மோந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஊரு மாறினா நாளும் மாறும்னு நான் யோசிக்கவே இல்லையே" என்றாள்.

நான் டோ சீனைப் பிடித்துக்கொண்டேன். இது என்ன என்று உனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டேன்.

"மூன்றாம் நாளே வாடை வந்ததே, அமே."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"என்னை யார் கேட்டது?"

சாமியாரும் ஒரு துண்டை வாயில் போட்டு இருமினார், கண்ணில் நீர் வந்தது. "புளிப்புத்தான்" என்றார். திங்கட்கிழமை காலையில் நற்சாட்சிக் கடிதம் வந்தது, செவ்வாய்க்கிழமை தபாலில் போனது. நீலாம்பாள் அன்று முழுவதும் வேலியோரம் நின்று, "கோஸுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் பேசப்போறேன்?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். ஊறுகாய் என்று அமலி சொன்னாளே என்று கேட்டால், "ஊறுகாய்னா வெயில்ல வைக்கணும்ல?" என்பாள். அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமலி போன அடுத்த மாதம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் பிறகு வெளிதேசம் போய்ப் படிப்பது லேசில் நடக்கவில்லை. பதினோரு நாள் காத்திருந்தால் செவ்வாய்க்கிழமைத் தபால் தவறியிருக்கும், அந்த இடமும் போயிருக்கும். இன்று அந்தப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக இருக்கிறாள். கடிதம் வருகிறது, வருவதற்குத்தான் நாளாகிறது. அங்கே குளிர்காலத்தில் ஓக்சுன் வீட்டுப் பானைக்கு இவளும் கோஸ் கழுவுகிறாளாம், ஒரு மாதம் சரியாக வைக்கிறார்களாம்.

போன நாளைச் சொல்கிறேன். பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை. மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் பஸ் பிடிக்கக் கொண்டுபோய் விட, சைக்கா என்கிற மூன்று சக்கர வண்டி சந்து முனையில் காத்து நின்றது. ஞானமுத்து பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னே போனான். டோ சீன் வழியில் சாப்பிட ஏதோ இலையில் கட்டிக் கொடுத்தாள். நான் அமலியின் நெற்றியில் சிலுவை போட்டேன், அழவில்லை, அழக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

அப்போது நீலாம்பாள் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு பாட்டில், எலுமிச்சை ஊறுகாய், நாற்பது நாள் கூரைமேல் காய்ந்தது.

"இதை மண்ணுல புதைச்சிராதே" என்று ஒரு கையால் நீட்டினாள்.

அமலி தலை குனிந்து இரண்டு கையால் வாங்கினாள். நீலாம்பாள் பாட்டிலை உடனே விடவில்லை. மற்றக் கையையும் கொண்டுவந்து அதில் வைத்து, அப்புறம்தான் விட்டாள்.

"விலாசத்தை எழுதிக் குடு பாப்பா. காலியானா சொல்லு."

அமலி நிலைப்படியிலேயே நின்று எழுதிக் கொடுத்தாள். மணி பத்து அடித்தது. புது மிதியடியை மாட்டிக்கொண்டு, பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டிச் சந்தின் நடுவே போனாள். இரண்டு பக்கமும் எல்லோரும் நின்று பார்த்தார்கள். நடந்துதான் போனாள்.