வடிதாளில் படிந்த புகை

1994 மார்ச், ஒரு புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு விம்பிள்டனில் ரயில் ஏறினேன். லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. வடதுருவத்துக்கு அருகே, காற்றிலுள்ள தூசியையும் புகையையும் வடிகட்டும் இயந்திரம் ஒன்றைப் பொருத்தி, ஏழு நாள் ஓடவிட்டு, வடிதாளைக் கொண்டுவர வேண்டும். ஒஸ்லோ, துரொம்சோ, லோங்யர்பியன் என்று விமானம் மாறி மாறிப் பறந்தேன்.

வியாழன் பிற்பகல் இரண்டரைக்குச் சிறிய விமானமொன்று ஆய்வுக் குடியிருப்பான நீ-ஓலசுண்டில் இறக்கிவிட்டது. மைனஸ் பதினெட்டுப் பாகை. சாப்பாட்டுக்கூடத்தில் தட்டை நீட்டினேன். "ஊரிலை எவடம், அண்ணை?" என்றார் சமையற்காரர். மன்னார்க்காரர், பெயர் மரியதாஸ். நோர்வேயின் வடகரையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். அன்று எனக்கென்று தனியாக மிளகாய்த்தூள் போட்டு மீன் பொரித்துத் தந்தார்.

வெள்ளி காலை, குடியிருப்பிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளியிருந்த குடிலில் இயந்திரத்தை ஓடவிட்டேன். புகை அளவைக் கெடுத்துவிடும் என்பதால் அங்கே எஞ்சின் எதுவும் வரக்கூடாது. தினமும் நடந்தே போய்வந்தேன்.

ஆறாம் நாள், புதன் பகல் பதினொரு மணிக்குப் பனிக்காற்று எழுந்தது. குடிலுக்குள் ஒதுங்கினேன். தொடர்புக் கருவியின் பற்றரி குளிரில் செத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து எஞ்சின் சத்தம் கேட்டு வெளியே பாய்ந்தேன். மரியதாஸ் பனிஸ்கூட்டரில் என்னைத் தேடி வந்திருந்தார். காற்று அதன் புகையை நேரே இயந்திரத்தின் உறிஞ்சுகுழாய்க்குக் கொண்டுபோனது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஆனால் புகை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

நான் வாய் திறக்காவிட்டால், எங்கோ தொலைவிலுள்ள தொழிற்சாலைகளின் புகை என்றே லண்டனில் கணக்கிடுவார்கள். பதிவேட்டில் எழுதினால் இவர் வேலைக்கு ஆபத்து. பேனாவைப் பிடித்தபடி நின்றேன். அவரிடம் விஷயத்தை விளக்கினேன்.

"எழுதுங்கோ அண்ணை. என்ரை பேரையும் போடுங்கோ. நான் களவெடுக்க வரேல்லை, உங்களைத் தேடித்தானே வந்தனான்."

எழுதினேன். நிலையப் பொறுப்பாளரான நோர்வேப் பெண் இருமுறை வாசித்தார். ஆளைத் தேடிப் போனவரைத் தண்டிக்க முடியாது என்றார். நான் விரும்பினால் இன்னும் ஒரு வாரம் தங்கிப் புதிதாகத் தொடங்கலாம் என்றும் சொன்னார். அந்த வாரத்தில்தான் மகளின் முதலாவது பிறந்தநாள் வந்தது. மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பழுதானதைக் கொண்டுவந்து என்ன செய்யப் போறியள்? நிண்டு முடிச்சிட்டு வாங்கோ."

பிறந்தநாளன்று மரியதாஸ் கேக் செய்தார். இருவருமாக வெட்டினோம்.

லண்டன் திரும்பி, புதிதாக எடுத்த ஏழு நாள் வடிதாளை மேசையில் வைத்தேன். வெள்ளையில் மெல்லிய சாம்பல் நிழல் மட்டுமே. எங்கள் கட்டடக் கூரையில் ஒரே நாள் வைத்த தாளைப் பக்கத்தில் வைத்தேன். அது கரி போலிருந்தது.

அன்று மாலை மகளைத் தள்ளுவண்டியில் வைத்து உலாத்தப் போனேன். சந்தியில் கார்கள் வரிசையாக நின்றன. அவளுடைய முகம் புகைக்குழாய்களின் உயரத்தில் இருந்தது. இத்தனை நாள் அதை நான் கவனித்ததில்லை. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் வண்டியைத் தள்ளியபடி வீடு வந்தேன்.