லாட்ஜ் தெருவிலிருந்து வந்த ஊசி

அன்று காலை பத்து மணி இருக்கும். வேலூரில் வெளியூர் நோயாளிகள் தங்கும் லாட்ஜ் தெருவில் குப்பை வாங்கிக்கொண்டு நான் ஓட்டும் பேட்டரி வண்டி தரம் பிரிக்கும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. நான் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பி.ஏ. படித்தவள்தான், வேறு வேலை அமையவில்லை. கறுப்புப் பை ஒன்றின் முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டேன். ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது.

எறும்பு கடித்த மாதிரிதான். துணிக் கையுறையைக் கழற்றினால் ஒரு சொட்டு ரத்தம். பையைக் கவிழ்த்தேன். சாப்பாட்டுப் பொட்டலம், பஞ்சு, மாத்திரை அட்டைகளுக்கு நடுவே மூடியில்லாத ஊசி. அதன் குழாய்க்குள்ளும் ரத்தம் காய்ந்திருந்தது. அது என் ரத்தமில்லை. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

என்னோடு அதே வண்டியில் வேலை பார்த்தவள் ஓடி வந்து, குழாயடியில் என் கையைப் பிடித்து சோப்புப் போட்டுக் கழுவினாள்.

“இதுக்கா இப்டி வெளுத்துப் போயிட்ட? எனக்கு எத்தினியோ தடவ குத்திக்கீது. ஒண்ணும் ஆவல.”

“டெஸ்ட் எடுத்தியா?”

“இன்னாத்துக்கு?” என்றாள்.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் விரலைப் பார்க்கவில்லை. யாராவது வருகிறார்களா என்று கொட்டகை வாசலைத்தான் பார்த்தார். “ஊசி குத்துச்சுன்னு எழுதிக் குடுத்தா எல்லாருக்கும் பேஜார்மா. காண்ட்ராக்ட்காரரு உன்னயே நிறுத்திட்டாலும் நிறுத்திடுவாரு. ஒரு டிடி ஊசி போட்டுக்கோ.”

வேலை போய்விடும் என்ற பயம் ஒரு மணி நேரம் என்னைப் பிடித்து வைத்திருந்தது. அதற்குமேல் மற்ற பயம் பெரிதாகிவிட்டது. சொல்லாமல் கிளம்பி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கிருந்த நர்ஸ் முதலில் கேட்டது, “யாருக்குப் போட்ட ஊசி?”

“தெர்லீங்க. அந்தத் தெருவுல பத்து லாட்ஜ் இருக்கு.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி. ஆறு வாரம் கழித்து ஒரு பரிசோதனை, மூன்று மாதம் முடிந்து இன்னொன்று. “அதுவரைக்கும் வீட்டுக்காரரோட ஜாக்கிரதையா இரும்மா. சமைக்கிறது, குழந்தையத் தூக்குறது, அதுக்கெல்லாம் பயப்படாத.”

அவர் சொன்னது மூளைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. மகளுக்கு அப்போது நாலு வயது. அன்று ராத்திரி ரசம் சோறு பிசைந்து முதல் உருண்டையை நீட்டியவள், அவள் வாய் திறந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். ஸ்பூனை எடுத்து வந்து ஊட்டினேன். குழந்தை ஸ்பூனைத் தட்டிவிட்டு, என் கையால்தான் வேண்டும் என்று அழுதாள்.

வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறார். தினமும் ரயிலில் போய் வருவார். அவரிடம் இரண்டு நாள் மறைத்தேன். மாத்திரை குமட்டலில் மூன்றாம் நாள் சாயங்காலம் வாந்தியெடுத்தபோது அவரே அலமாரியில் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

“இன்னா மாத்திர இது?”

சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்தார். மறுநாள் காலை பேசாமலேயே கிளம்பிப் போனார். தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாரோ, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று அன்று பகல் முழுக்க யோசித்து, ஒரே தெருவில் இரண்டு முறை வண்டியைத் திருப்பினேன்.

சாயங்காலம் வழக்கமான ரயிலுக்கே வந்தார். செருப்பைக் கழற்றியபடி சொன்னார். “ரயில்ல வர்ற வரைக்கும் பயந்துகினேதான் வந்தேன். நீ தனியா எப்டி ரெண்டு நாள் வச்சிகினு இருந்த? டெஸ்ட்டு அன்னிக்கு நான் லீவு போடுறேன்.”

அதற்காகப் பயம் போய்விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பயந்தோம், அவ்வளவுதான். குழந்தை தும்மினால் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். எனக்குத் தொண்டை கட்டினால் நர்ஸ் சொன்ன அறிகுறிகளை மனதுக்குள் எண்ணிப் பார்ப்பேன்.

ஆறாவது வாரம் பரிசோதனைக்குக் கிளம்பியபோது கூட வேலை பார்த்தவள், “நானும் வர்றேன்” என்றாள். ஒன்றும் ஆகாது என்று சொன்னவள், நான் மாத்திரை சாப்பிட்ட அத்தனை நாளும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து தன் பழைய ஊசிக் குத்துகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளும் ரத்தம் கொடுத்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் வீட்டுக்காரர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. சந்தோஷப்படத் திரும்பினேன். அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் சீட்டை என்னிடம் நீட்டினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எச்.ஐ.வி. இல்லை. ஆனால் மஞ்சள் காமாலைக் கிருமி, ஈரலைத் தின்னுகிற வகை, ரத்தத்தில் இருந்தது.

“எந்த ஊசின்னு கேட்டேன். இன்னிக்கு நேத்து வந்ததில்லயாம், எப்ப வந்துதுன்னு சொல்ல முடியாதாம்” என்றாள். பிறகு மெதுவாக, “பசங்களுக்கு இருக்குமா?” என்று கேட்டாள். நர்ஸிடம் கேட்க அவளை மறுபடி உள்ளே கூட்டிப் போனேன்.

பிள்ளைகளுக்கு இல்லை. அது தெரிய ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் அவள் வேலைக்கு வந்தாள். அது தெரிந்த மறுநாள் மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்று, “ஊசி குத்துனவங்கன்னு என் பேரை எழுதிக்கோங்க சார். இவ பேரையும் எழுதுங்க. நிறுத்துனா நிறுத்துங்க” என்றாள். கொட்டகையில் இருந்த மற்ற ஏழு பேரும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். அவர் எழுதினார். யாரையும் நிறுத்தவில்லை. கெட்டியான கையுறை வர மேலும் நான்கு மாதம் பிடித்தது. லாட்ஜ்களில் ஊசியைத் தனியாகக் காலித் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கொடுக்கச் சொன்னோம். பாதிப் பேர் கொடுக்கிறார்கள்.

மூன்று மாதம் முடிந்து எடுத்த பரிசோதனையிலும் எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் கூடப் போகிறேன். சீட்டு கையில் வந்ததும் அவள் அதைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பாள். படித்து முடிக்கும்வரை முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன்.