சர்வர் அணைந்திருந்தபோது வந்த மூன்று சீட்டுகள்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் வளர்ந்தவள், புளியமரத்துக் கதை சொன்ன பிள்ளைகளை அந்த மரத்தடிக்கே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறேன். படித்தது கம்ப்யூட்டர், பார்க்கிற வேலை டேட்டாபேஸ். எந்தப் பிழைக்கும் எங்கேயோ ஒரு வரியில் காரணம் இருக்கும், கிடைக்காவிட்டால் நான் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் யார்டில் துப்புரவு வேலை பார்க்கும் பேச்சியம்மாள் இன்று உயிரோடு இருப்பதற்கு நான்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிடையாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

யார்டு என்றால் கண்டெய்னர் யார்டு, முத்தையாபுரம் போகிற பக்கம் இருக்கிறது, பெயர் வேண்டாம். கப்பலில் ஏறப்போகிற பெட்டிகளும் இறங்கி வந்த காலிப் பெட்டிகளும் வரிசை வரிசையாக நிற்கும். எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது என்பதெல்லாம் எங்கள் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அதை இரண்டு சர்வர்களைச் சேர்த்துக் கட்டிய க்ளஸ்டரில் வைத்திருந்தோம், ஒன்று படுத்தால் மற்றது எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும்.

அதில் கொலேஷன் என்று ஒன்று உண்டு. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது, எதை எதை ஒன்றாகக் கொள்வது என்று சர்வருக்குச் சொல்கிற விதி. எங்கள் சர்வரை நிறுவிய புண்ணியவான் அதை ஏதோ ஒன்றாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார், தலைமை அலுவலகத்தில் இருப்பது வேறு. இரண்டையும் சேர்த்து ஒரு அறிக்கை எடுக்கப் போனால் ஒத்துப்போகவில்லை என்று முறுக்கிக்கொள்ளும். மாற்றுவது ஏதோ பொத்தானை அழுத்துகிற வேலை என்று நினைக்காதீர்கள். டேட்டாவை எல்லாம் வெளியே எடுத்து வைத்து, சர்வரை நிறுத்தி, அதன் அடித்தளத்தையே புதிதாகக் கட்டி, அதில் பயனர் பெயர்கள்கூட அழிந்துபோகும், அவற்றைத் திரும்பப் போட்டு, பிறகு டேட்டாவை உள்ளே ஏற்ற வேண்டும். நடுவில் தடங்கினால் மறுபடி முதலிலிருந்து. மற்றவர்கள் தயங்கினார்கள், நான் கையைத் தூக்கினேன்.

ஞாயிறு பகலில் லாரி வராது, மாலை ஆறு மணிக்குத்தான் ட்ரெய்லர்கள் வரத் தொடங்கும். அதனால் பதினோரு மணிக்குச் சர்வரை நிறுத்தினேன். நடுவில் தானாக எழுந்து குறுக்கே வரக்கூடாது என்று இரண்டாவது சர்வரை அணைத்தே வைத்தேன். இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பன்னிரண்டு மணிக்கு மேல் அந்த இரண்டு இயந்திரங்களுக்குள்ளும் எங்கள் யார்டைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

கேட்டில் இருந்தவர் சுலைமான் காக்கா. காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், துபாயில் பாதி வயதைக் கழித்துவிட்டு வந்து எங்கள் கேட்டில் கிளார்க்காக உட்கார்ந்தவர். கம்ப்யூட்டர் இல்லாததால் அன்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றேகால் மணி இருக்கும், சர்வர் அறைக் கதவைத் தட்டினார். கையில் கேட் பிரிண்டரின் சீட்டு.

"எம்மா, சர்வரு வந்துட்டா?"

"இல்ல காக்கா, சாயங்காலம் ஆவும்."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

ஒரு பெட்டியின் எண், கீழே டி பிளாக், ஏழாவது வரிசை என்று இருந்தது. சீட்டு கேட்டவர் பெயர் வரவேண்டிய இடம் காலி. இதில் என்ன அதிசயம், ஏதோ பழைய சீட்டு பிரிண்டரின் மெமரியில் நின்றிருக்கும், அணைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அதைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

கால் மணி நேரத்தில் மறுபடி வந்தார். அணைத்துப் போட்டாராம், மறுபடி அதே பெட்டி, அதே வரிசை. "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருவமா? என்னமோ மனசு சரியில்ல" என்றார். கேட்டை விட்டு அவராகப் போகக்கூடாது, யாராவது சொல்ல வேண்டும், அன்று சொல்லக்கூடியவள் நான்தான். எனக்கோ திரையில் சர்வர் பாதி கட்டி நிற்கிறது, கண்ணை எடுக்க மனமில்லை. எரிச்சல்தான் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

"காக்கா, எனக்கு இப்ப நேரம் இல்ல. அஞ்சு மணிக்கு மேல வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்றாவது தடவை அவர் கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டே வந்தார். நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டாராம், அப்புறமும் சீட்டு வந்திருக்கிறது. அதற்கும் என்னிடம் காரணம் இருந்தது, வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை, தன் நோட்டை என் மேஜையில் விரித்துப் போட்டார்.

"இங்கன பாருங்க. இந்தப் பெட்டி நேத்து வரைக்கும் ஏ பிளாக்குல கெடந்தது. நீங்க சர்வர நிப்பாட்டுன பொறவுதான் கூட்டிப் பெருக்கன்னு டி பிளாக்குக்கு மாத்துனாங்க. நான் நோட்டுல மட்டுந்தான் எழுதியிருக்கேன். உங்க கம்ப்யூட்டருக்கு இது எப்படிம்மா தெரியும்?"

நோட்டில் அந்த வரிக்கு எதிரே இருந்த நேரத்தைப் பார்த்தேன், பதினோரு மணிக்குப் பிறகுதான். திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன், அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன்.

டி பிளாக்கில் ஆள் நடமாட்டமே இல்லை. மே மாத வெயில், தகரத்தைத் தொட்டால் கை பொசுங்கும். அந்தப் பெட்டியின் கதவு சாத்தி, கம்பி போட்டிருந்தது. சற்றுத் தள்ளி நிழலில் யார்டு நாய் ஒன்று படுத்து எதையோ கடித்துக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் நீல வார் போட்ட ஒற்றைச் செருப்பு.

பெட்டிக்குள் கூட்டப் போகிறவர்கள் ஒரு செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு, கதவைச் சாத்தக்கூடாது, யார்டில் அது எழுதாத சட்டம். இந்த நாய் அந்தச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. சாத்த வந்தவன் வாசலைப் பார்த்தான், எதுவும் இல்லை, சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். உள்ளேயிருந்து அந்தக் கதவைத் திறக்க முடியாது.

"யா அல்லாஹ்" என்று காக்கா கம்பியில் தொங்கினார். நானும் பிடித்து இழுத்தேன். திறந்ததும் உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. பேச்சியம்மாள் கதவோரத்திலேயே குப்புறக் கிடந்தாள், நினைவில்லை, மூச்சு மட்டும் இருந்தது. தண்ணீரை ஊற்றி, ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஐந்து மணிக்கு மேல் வாங்க என்று சொன்னவள் நான்.

அவளுக்கு நினைவு திரும்பியது தெரிந்ததும் யார்டுக்குத் திரும்பினேன். கொலேஷனை முடித்தேன், ஐந்தே முக்காலுக்குச் சர்வர் எழுந்தது, ஆறு மணிக்கு முதல் ட்ரெய்லர் உள்ளே வந்தது. அந்த வேலையில் எனக்கு இப்போதும் பெருமைதான். பிறகு தேடினேன், எப்படியெல்லாம் தேடினேன் தெரியுமா, சர்வர் தன் நடவடிக்கைகளைப் பதிந்துவைக்கும் லாக், க்ளஸ்டரின் லாக், பிரிண்டரைக் கழற்றி அதன் மெமரியையும் பார்த்தேன். அந்த நேரம் முழுக்க வெறுமை. பெட்டி ஏ பிளாக்கில் நிற்பதாகத்தான் டேட்டாபேஸ் அன்று மாலையும் சொன்னது. காக்காதான் திருத்தினார்.

இதோடு முடிந்திருந்தால் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு விட்டிருப்பேன். இரண்டு வாரம் கழித்துப் பேச்சியம்மாள் வேலைக்கு வந்தாள். பெட்டி வேலை வேண்டாம், ஆபீஸைக் கூட்டினால் போதும் என்று நான்தான் சொல்லி மாற்றியிருந்தேன். என் மேஜைக்கு அடியில் பெருக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"மேடம், நான் உள்ள இருந்து தட்டித் தட்டிக் கூப்பிட்டேம்லா. நீங்க வெளிய நின்னு பேசுனது நல்லாக் கேட்டுச்சு."

"நான் என்ன பேசுனேன் பேச்சிக்கா?"

"எனக்கு இப்ப நேரம் இல்ல, அஞ்சு மணிக்கு மேல வாங்கன்னு சொன்னீங்க. பொறவு கதவு சாத்துற சத்தம். அப்பவே ஒரு வாட்டி தெறந்திருக்கலாம்லா?"

கோபமில்லை அவள் குரலில். சர்வர் அறையிலிருந்து டி பிளாக் நடந்தால் பத்து நிமிடம். நான் சொன்னதைக் கேட்டவர் காக்கா ஒருவர்தான், அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை என்று சத்தியம் செய்கிறார், அவரை எனக்குத் தெரியும்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அந்த நேரத்தில் நான் அங்கே வரவே இல்லை என்று சொல்ல எனக்கு அன்றும் வாய் வரவில்லை, இன்றும் வரவில்லை.