வாசலில் வைத்துவிட்டு வந்த தட்டு

அப்பா இரண்டு கைகளாலும் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்ற கோலம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வெள்ளைச் சட்டை, கோயில் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஆரஞ்சு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் காய்த்த ரம்புத்தான், வெற்றிலை பாக்கு, நடுவில் தேங்காய். தெருவில் போனவர்கள் பெண் கேட்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நாங்கள் கேட்க வந்தது என் அண்ணனின் படிப்பை.

ரெங்கம் ஊரைத் தாண்டி உள்ளே போனால் வரும், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் எங்கள் சொத்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பா அங்கே மண்டோர். ஆள்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, வெட்டிய குலைகள் ஒழுங்காக வண்டி ஏறுகின்றனவா என்று பார்ப்பார். அந்த லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அண்ணன். ஜொகூர் பாருவில் பொறியியல். அவன் போன நாளிலிருந்து அப்பாவின் நடையே மாறிவிட்டது. சைக்கிளில் போகும்போது யாராவது ‘மகன் எப்படி?’ என்று கேட்டால் இறங்கி நின்று பதில் சொல்வார். கேட்காவிட்டாலும் இறங்குவார், அது வேறு.

அண்ணன் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது காஹாங்கிலிருந்து எங்கள் மாமா மகன் ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் தொழிற்சாலை வேலை தேடிக்கொண்டு வந்தான். வேலை கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. அம்மா உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். “உன் மாமன் மகன்டா. ரூம் கிடைக்கிற வரைக்கும் உன்கூட வச்சுக்க.” அண்ணன் படித்துப் படித்துச் சொன்னான். “அம்மா, ஆஸ்டல்ல வெளி ஆளுங்க தங்கக் கூடாது. பிடிச்சா பெரிய பிரச்சினையாயிரும்.” அம்மா கேட்பதாக இல்லை. “தரையில ஒரு ஓரமா படுத்துக்குவான்லா. சொந்தக்காரப் பையனுக்கு இடமில்லன்னு சொன்னா நான் எந்த மூஞ்சியோட எங்கண்ணன் வீட்டு வாசல் மிதிப்பேன்?” அதற்குப் பிறகு அண்ணன் என்ன பேச முடியும்? பல்கலைக்கழகத்து விதி புத்தகத்தில் இருந்தது. அம்மாவின் விதி ரத்தத்தில் இருந்தது. அண்ணன் அறைக் கதவைத் திறந்துவிட்டான்.

ஒருநாள் அண்ணனுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. மாமா மகன் குளித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று நச்சரிக்க, அண்ணன் தன் மாணவர் அட்டையை அவனிடம் கொடுத்து அனுப்பிவிட்டான். விடுதிக் கேட்டில் காவலர் அட்டையிலிருந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் பார்த்தார். அவ்வளவுதான். மாமா மகன், அவர்கள் கேட்டதற்கு, கேட்காததற்கு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அன்றைக்கே பஸ் பிடித்துக் காஹாங் போய்ச் சேர்ந்தான். புண்ணியவான். அண்ணனுக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் வந்து நிற்கச் சொல்லி உத்தரவு வந்தது. வெளி ஆளைத் தங்க வைத்தது ஒரு குற்றம், அட்டையைக் கொடுத்தது இன்னொரு குற்றம்.

செய்தி கேட்டதும் எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன்தான் எங்களைத் தேற்றினான். விடுதிப் பொறுப்பாளர் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருந்தாராம். முதல் தவறு, ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேள், விடுதியை விட்டு வெளியே அனுப்புவார்கள், படிப்புக்கு ஒன்றும் வராது என்று சொல்லியிருந்தார். “வெளிய ரூம் எடுத்துக்கலாம்ப்பா. நீங்க ஒன்னும் செய்யாதீங்க. சும்மா இருந்தா போதும்” என்றான். அப்பாவால் முடியாத ஒரே காரியத்தை அவன் கேட்டுவிட்டான்.

அப்பாவுக்குத் தெரிந்த உலகம் தோட்டம். தோட்டத்தில் ஒருவன் தப்பு செய்து வேலை போகிற நிலை வந்தால், பெரியவர்கள் சேர்ந்து தட்டு வைத்துக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குப் போவார்கள். அவரைத் தொரை என்பார்கள், அவர் எந்த இனத்தவராக இருந்தாலும். தொரை வேண்டாம் என்றுதான் சொல்வார். எடுத்துக்கொண்டு போ என்று கோபிக்கக்கூடச் செய்வார். அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தட்டை வாசலில் வைத்து, ஒரு கும்பிடு போட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மறுநாள் தட்டு காலியாகத் திரும்பி வந்தால் காரியம் பலித்தது என்று அர்த்தம். அப்பாவே அப்படி எத்தனையோ பேருக்காகப் போயிருக்கிறார். பலித்தும் இருக்கிறது. அதை அவர் லஞ்சம் என்று கனவிலும் நினைத்ததில்லை. மரியாதை, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவரின் மருமகன் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தான். அவன் மூலமாகக் குழுத் தலைவரின் வீடு எங்கே என்று அப்பா தெரிந்துகொண்டார். விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் வேன் பிடித்து, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்து மாணவி. ‘வேணாம்ப்பா, அண்ணன் திட்டும்’ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். “உனக்கு என்ன தெரியும்? பெத்தவன் வந்து நிக்கலன்னா பையனுக்கு நாதி இல்லன்னு நினைச்சிருவாங்க” என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்தத் தலைவர் கைலியோடு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பாவையும் தட்டையும் பார்த்ததும் முகம் மாறியது. யார் மகன் என்று சொன்னதும் குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கேட்டருகே வந்தார். கோபமாகப் பேசவில்லை. “பாச்சிக், இது கூடாது. தயவுசெய்து எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மகனுக்குத்தான் கெடுதல்” என்று, பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு, மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாவும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “அனாக் சாயா புடாக் பாய்க், துவான்.” என் பிள்ளை நல்ல பையன் ஐயா. அந்த மனிதர் சொன்ன ‘வேண்டாம்’ நிஜமான ‘வேண்டாம்’ என்று எனக்குப் புரிந்தது. அப்பாவின் காதில் அது தொரையின் ‘வேண்டாம்’ஆக விழுந்தது. தட்டைக் கேட்டுக்கு வெளியே வைத்தார், கும்பிட்டார், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேனில் ஏறினார். தலைவர் பின்னாலேயே கூப்பிட்டது கேட்டது. அப்பா திரும்பவில்லை. “வாங்கிட்டாரு” என்றார். அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் விசாரணை அறைக்குள் அண்ணன் நுழைந்தபோது அந்தத் தட்டு மேசை மேல் இருந்தது. பழம், தேங்காய், வாடிப்போன வெற்றிலை எல்லாம் அப்படியே. விளிம்பில் புள்ளிப் புள்ளியாக அப்பாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு அவனுக்குத் தெரியாதா? குழுத் தலைவர் நடந்ததைச் சொல்லிவிட்டு, தான் இந்த விசாரணையிலிருந்து விலகிக்கொள்வதாக எழுந்து போய்விட்டாராம். அவர் இடத்தில் உட்கார்ந்தவர், குழுவை வளைக்கப் பார்த்தது அப்பா தானாகச் செய்ததா, இல்லை நீ அனுப்பினாயா என்று கேட்டார். அப்பா தானாகச் செய்தார் என்றால் அவர் மேல் போலீஸில் லஞ்சப் புகார் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான்தான் அனுப்பினேன் என்றான்.

விடுதியை விட்டு வெளியேற்றுவதோடு முடிந்திருக்க வேண்டியது, படிப்பிலிருந்து மூன்று பருவ இடைநீக்கமாக முடிந்தது.

நானும் அப்பாவும் கேண்டீனில் காத்திருந்தோம். அப்பா வேனைக் கூப்பிடப் போன நேரத்தில் அண்ணன் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். “அப்பாகிட்ட சொல்லிராத. தெரிஞ்சா தாங்க மாட்டாரு. அட்டை கொடுத்ததுக்குத்தான் தண்டனைன்னு சொல்லிக்கலாம்.” அப்பா திரும்பி வந்ததும் அப்படியே சொன்னான். அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். “நல்லவேள. நேத்து நம்ம போகலன்னா அடியோட நிறுத்தியிருப்பானுங்க” என்றார். எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அண்ணன், ‘ஆமாம்ப்பா’ என்றான்.

அண்ணன் விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தான். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். சோற்றுத் தட்டு வைத்தபடி இருக்கும். அம்மா வேண்டாத சாமி இல்லை. மாமா வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் இவன் உயிரோடு இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். ஒருநாள் எழுந்தான், முகம் கழுவினான், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றான். கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. இடைநீக்கம் முடிந்தபோது திரும்பிப் போகச் சொல்லிக் கெஞ்சினோம். “என் கூட்டாளிங்க எல்லாம் முடிச்சிட்டுப் போயிட்டாங்க. மறுபடியும் அந்தக் கேம்பஸுக்குள்ள போனா எனக்கு அந்த மேசைதான் கண்ணுல நிக்கும்” என்று என்னிடம் சொன்னான். அப்பாவிடம், ‘படிப்பு ஏறலப்பா’ என்றான். படிப்பு ஏறாதவனாம்! அப்பாவும் அதை நம்பி, கொஞ்ச நாள் அவனைச் சோம்பேறி என்று திட்டினார். அதையும் வாங்கிக்கொண்டான்.

அம்மா இப்போது இல்லை. தோட்டத்தை விட்டு வந்து நாங்கள் தெப்ராவில் இருக்கிறோம். அண்ணன் இன்னும் விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய்ப் பொழுது சாய்ந்து வருகிறான். அப்பா மட்டும் அந்தத் தட்டுக் கதையை விடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “சாமி கும்பிடுற மாதிரி போயி நின்னேன், அவரு மனசு இறங்கிட்டாரு” என்பார். அண்ணன் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா அழுதுகொண்டு வந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவர் மகள் பரீட்சை மண்டபத்துக்குள் கைப்பேசியோடு போய்விட்டாள். விசாரணை வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது. “அழாதம்மா. யாரு தலைவருன்னு மட்டும் கேட்டு வை. தட்டு நான் ரெடி பண்றேன். வேணாம்பாங்க, நீ காதுல வாங்காத. வச்சிட்டு வந்திரணும்.” அக்கா அவர் காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. உள்ளே வந்து அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். “அப்பா, அந்தப் பிள்ளைக்காகப் போகாதீங்க.”

“ஏன்டா? உனக்காக நான் போகலையா?”

“அதனாலதான்ப்பா எனக்கு மூனு செமஸ்டர் போச்சு. அந்தத் தட்டை மேசை மேல வச்சுத்தான் என்னைக் கேட்டாங்க. நீங்க போகாம இருந்திருந்தா ஆஸ்டலோட போயிருக்கும்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆத்திரப்படுவார், இல்லை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார் என்று பயந்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தார். “ஏன்டா இத்தன வருஷம் சொல்லல?” என்றார்.

“சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க.”

அப்பா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கைப்பேசியை எடுத்தார். பக்கத்து வீட்டுக்குத்தான். நாலு எட்டு நடந்தால் போதும், ஆனால் அந்த முகத்தோடு போக அவருக்குத் துணிவில்லை போலும். “நான் வேணா பேசறேன்ப்பா” என்று அண்ணன் கை நீட்டினான். அப்பா கொடுக்கவில்லை.

“ஆத்தா, நான் சொன்னதக் கேக்காத. புள்ளைய உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேக்கச் சொல்லு. நீ யார் வீட்டு வாசலுக்கும் போயி நிக்காத. நான் போனேன்மா. போயி, என் புள்ள தலையில நானே மண்ண அள்ளிப் போட்டேன்.”